அட்டவணை ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: அண்ணாச்சி, காலை ஐந்து மணிக்கு எழுவது என்று தொடங்கி மாதாமாதம் அட்டவணை போடுகிறேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எந்த உத்தியைப் பிடித்தால் நிலைக்கும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, பக்கத்தில்தானே பத்தமடை? பட்டுப்பாய்க்குக் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தறிவேலை அதற்கப்புறம்தான். உங்கள் அட்டவணை ஊறாத கோரை.

பாளையங்கோட்டையில் நான் மளிகைக்கடை வைத்திருந்தபோது, வேலைக்கார பையன் தினமும் தாமதமாக வருவான். திட்டினேன், சம்பளத்தில் பிடித்தேன். ஒருநாள் கோபத்தில் அவன் வீட்டுக்கே போனேன். படுத்த படுக்கையாக அம்மா, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். வாயடைத்துப் போனேன். அவன் மாறவில்லை, நான் பார்த்த விதம்தான் மாறியது. மறுநாளிலிருந்து கடை திறப்பது என் வேலை, இரவு பூட்டுவது அவன் வேலை. பிறகு தகராறே இல்லை. பிடித்த சம்பளத்தையும் திருப்பிக் கொடுத்தேன். (அதற்குத்தான் லேசில் கை வரவில்லை!)

அங்கே உத்தி எதுவும் பலிக்கவில்லை, முதலில் நான்தான் மாற வேண்டியிருந்தது. சரி, உங்கள் விஷயம். உங்களுக்கும் உத்திக்கு முன்னால் ஊற வேண்டியது சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கம். ஐந்து மணிக்கு எழுவதை இப்போதைக்கு விடுங்கள். திருப்பித் தருகிறேன் என்ற நூறு ரூபாய், போன் பண்ணுகிறேன் என்று சொன்ன சொல், இவற்றை மட்டும் இந்த மாதம் காப்பாற்றுங்கள். அட்டவணையை ஆடி கழிந்து பார்த்துக்கொள்ளலாம்.