டாட்டூ, பியர்சிங்கோட வேலை தேடுறவங்க கேளுங்க, பதில் சொல்றேன்

ரொம்ப வருஷமா ஆள் எடுக்குற பக்கம் உட்கார்ந்திருக்கேன், ரெஸ்யூமே வடிகட்டுறதுல இருந்து ஆஃபர் லெட்டர் அனுப்புற வரைக்கும். உடம்புல மை இருக்குன்னோ மூக்குல வளையம் இருக்குன்னோ நல்ல ஆளுங்க இன்டர்வியூக்கே வராம ஒதுங்கிடுறாங்க, அதைப் பாக்கும்போது மனசு ஆறல, அதான் இந்த கேள்வி பதில். தோல் சம்பந்தமான கேள்வியை டாக்டர்கிட்ட வச்சுக்கோங்க.

மழைக்காகிதம்: அக்கா, முன்கை பூரா டாட்டூ. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. மறைச்சுட்டுப் போகவா, அப்படியே போகவா?

முதல் ரவுண்டுக்கு முழுக்கை சட்டை போட்டுட்டுப் போங்க. வெக்கப்பட வேண்டிய விஷயம்னு நான் சொல்லல, அந்த அரை மணி நேரமும் பேச்சு உங்க வேலையைப் பத்தியே இருக்கணும், அவ்ளோதான். ஆனா சட்டையைப் போட்ட பிறகு டாட்டூவை மறந்துடணும். ஒரு தம்பி வந்திருந்தான், மணிக்கட்டுல சின்னதா ஒண்ணு, உட்கார்ந்ததுல இருந்து சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்து இழுத்துப் புடிச்சுட்டே இருந்தான், கேள்வி கேட்டா பதில் வர்றதுக்கு முன்னாடி வலது கை அங்க போயிடுது. அவன் வெளிய போனதும் என் பக்கத்துல இருந்தவர் "இந்தப் பையன் எதையோ மறைக்கிறான்"னார். அவர் டாட்டூவைப் பாக்கவே இல்ல! இழுத்த இழுப்பைத்தான் பாத்திருக்கார்.

அடுத்தது, இதை இன்னைக்கு திரும்பத் திரும்ப சொல்லுவேன்: ஆஃபர் கைக்கு வந்ததும், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, மெயில்ல கேளுங்க. "என் முன்கையில டாட்டூ இருக்கு, உங்க டிரஸ் கோட்ல இதுக்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா?" ரெண்டு வரி போதும். வாய் வார்த்தையா "அதெல்லாம் பரவால்ல"ன்னா ஒத்துக்காதீங்க, சொன்ன மேனேஜர் மாறிப் போயிட்டா அந்த வார்த்தையும் அவரோட போயிடும்.

கண்ணாடிச்சிறகு: மூக்கு குத்தி மூணு வாரம்தான் ஆகுது. இன்டர்வியூ அன்னைக்கு மட்டும் கழட்டிட்டு சாயங்காலம் போட்டுக்கலாமா?

கழட்டாதீங்க! புது ஓட்டை கொஞ்ச நேரத்துலயே சுருங்கிடும், சாயங்காலம் கண்ணாடி முன்னாடி நின்னு குத்திக் குத்தி உள்ள நுழைக்கப் பாப்பீங்க, புண்ணாகி சீழ் வைக்கும். மூக்கு மடல் ஆறவே நாலுல இருந்து ஆறு மாசம் ஆகும், காது குருத்தெலும்புல குத்தினது ஒரு வருஷம் கூட இழுக்கும். குத்தினவங்ககிட்டயே போய் சின்ன தட்டைத் தலை போட்டதோ, கண்ணாடி ரீட்டெய்னரோ (ஓட்டை மூடாம இருக்க நகைக்குப் பதிலா போடுற, நிறமில்லாத சின்ன குச்சி) மாத்தித் தரச் சொல்லுங்க, எதிர்ல உட்கார்றவருக்கு சட்டுனு கண்ணுல படாது. மலிவு பிளாஸ்டிக் வேண்டாம். மூக்கு நடுத்தண்டுல போட்டு நல்லா ஆறிட்டவங்களுக்குக் கவலையே இல்ல, லாட வடிவ வளையமா இருந்தா மேல மடிச்சு உள்ள விட்டுடலாம்.

தூரத்துஇடி: வேலை தேடிட்டு இருக்கேன், நடுவுல கழுத்துல ஒண்ணு போட்டுக்கலாம்னு ஆசை. போடலாமா?

வேலையில சேர்ந்து நிலைச்சப்புறம் போடுங்க. ஏன்னு சொல்றேன். பெரிய கம்பெனிங்க நிறைய இப்ப இறங்கி வந்துட்டாங்க. ஊழியர்களோட டாட்டூ வெளிய தெரியலாம்னு ஸ்டார்பக்ஸ் காபிக் கடை 2014ல விட்டாங்க, ஏர் நியூசிலாந்து 2019ல, டிஸ்னி பார்க் 2021ல, விர்ஜின் அட்லான்டிக் 2022ல விமானப் பணிப்பெண்களுக்கே விட்டாங்க. ஆனா அந்த விதிகளைப் படிச்சுப் பாருங்க, ஸ்டார்பக்ஸ் முகமும் தொண்டையும் கூடாதுன்னாங்க, டிஸ்னி முகம், தலை, கழுத்து கூடாதுன்னாங்க, விர்ஜினும் ஆரம்பத்துல முகம் கழுத்தை விடல. கதவு கையில இருந்துதான் திறக்குது, கழுத்து கடைசியாதான். சட்டைக்குள்ள போகாத இடத்துல போடுறதுன்னா அது தினமும் உங்க கூட ஆபீசுக்கு வரும், அதுக்குத் தயாரான பிறகு போடுங்க.

நிழல்வெயில்: மேக்கப் போட்டு மறைச்சா நாள் பூரா நிக்குமா?

ஒழுங்கா போட்டா நிக்கும். கருப்பு மை தோலுக்கடியில நீலமா தெரியும், அதுமேல நேரா தோல் கலர் பூசினா சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். முதல்ல அந்த நீலத்தை அமுக்குற ஆரஞ்சு கலர் கரெக்டர் கிரீம் லேசா, அப்புறம் மறைக்கிறதுக்கான தோல் கலர் கன்சீலர் கிரீம் மெல்லிசா ரெண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் காயணும், கடைசியா பவுடரை அழுத்தி செட் பண்ணுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. முன்னாடி நாளே ஒரு தடவை போட்டு, அதே சட்டையோட ரெண்டு மணி நேரம் நடமாடிப் பாருங்க. கழுத்துல பூசிட்டு வெள்ளைக் காலர் போட்டு வந்த ஒரு பொண்ணுக்கு, பேசி முடிக்கிறதுக்குள்ள காலர் விளிம்பு பூரா ஆரஞ்சுக் கறை. பாவம், கடைசி பத்து நிமிஷம் அவங்க கவனமே பேச்சுல இல்ல. ஆறாத டாட்டூ மேல இதெல்லாம் பூசவே கூடாது.

எறும்புவரிசை: கால்ல டாட்டூ இருக்கு, இன்டர்வியூக்கு மறைக்கணுமா?

பேண்ட் போடுங்க. மத்தது முதல் பதில்ல இருக்கு.

வெள்ளிக்கம்பி: லேசர்ல அழிக்க எத்தனை சிட்டிங்? அடுத்த மாசம் இன்டர்வியூ.

தோல் டாக்டரைப் பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுலயே பல வாரம் விடணும், அடுத்த மாசத்துக்குள்ள அழியாது. அழிக்கிற கிரீம்னு விக்கிறதை வாங்கிப் பூசாதீங்க, மை அவ்ளோ ஆழத்துல இருக்கு, கிரீம் மேல் தோலைத்தான் புண்ணாக்கும்.

பாறைமேல்செடி: நீங்க சொல்றது எல்லாமே பயந்து பணிஞ்சு போறது. என் உடம்பு, என் உரிமை. வேலை தரலன்னா கேஸ் போடணும், மூடிட்டுப் போகச் சொல்லிக் கத்துக்குடுக்கக் கூடாது.

கோவம் புரியுது, அதுல நியாயமும் இருக்கு. ஆனா கேஸை நம்பி வேலையை விடாதீங்க. அமெரிக்காவுல நடந்த ரெண்டு வழக்கைச் சொல்றேன். ஒண்ணு ரெட் ராபின் உணவகம், மணிக்கட்டுல மத நம்பிக்கைக்காக எழுத்து குத்தின ஊழியர், அதை மூடுறதே பாவம்னார், வேலையை விட்டு எடுத்துட்டாங்க. 2005ல நீதிமன்றம் கம்பெனி பக்கம் சாயல, கடைசில சமரசத்துல முடிஞ்சுது. இன்னொண்ணு காஸ்ட்கோங்கிற பெரிய கடை, புருவத்துல பியர்சிங் போட்ட கேஷியர், அவங்களும் மதம்னுதான் சொன்னாங்க, கம்பெனி பேண்டேஜ் ஒட்டிக்கோ, இல்ல ரீட்டெய்னர் போட்டுக்கோன்னது, அவங்க ஒத்துக்கல. 2004ல மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்னுது. ரெண்டுமே மதத்தைக் காட்டி வந்த வழக்கு. "எனக்குப் புடிச்சிருக்கு, அதனால போட்டேன்"னா சட்டம் அனேகமா கூட வராது. பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டத்தோட விதிகள்ல, டாட்டூவையும் பியர்சிங்கையும் சட்டப் பாதுகாப்பு கிடைக்கிற உடல் விகாரக் கணக்குல சேர்க்க மாட்டோம்னு எழுதியே வச்சிருக்காங்க.

பாறைமேல்செடி: அப்போ டாட்டூ வச்சவன் கம்மி சம்பளத்துக்குத் தலையாட்டணுமா?

யார் சொன்னா? மயாமி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல 2,000 பேருக்கு மேல கேட்டு 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, டாட்டூ இருக்கிறவங்களுக்கு வேலையோ சம்பளமோ குறைஞ்சதா அதுல தெரியல. அதனால பயந்துட்டு கம்மியா கேக்காதீங்க, மத்தவங்க கேக்குறதையே கேளுங்க.

உப்புக்காற்று: நடுவுல வர்றேன். மறைச்சுட்டுப் போய் ஆஃபர் வாங்கிட்டு அப்புறம் காட்டுறது ஏமாத்துற மாதிரி இல்லையா?

இல்ல. ரெஸ்யூமேல கல்யாணம் ஆச்சான்னு போடாதது ஏமாத்தா? வேலைக்கு சம்பந்தம் இல்லாததை முதல் நாளே சொல்லணும்னு கடமை கிடையாது. கேட்டா மட்டும் பொய் சொல்லாதீங்க. தினமும் மறைக்க முடியாத இடத்துல இருந்தா, அதாவது விரல், கழுத்து, முகம், அதை இன்டர்வியூலயே காட்டிடுங்க, சேர்ந்த ரெண்டாவது நாள் மல்லுக்கட்ட வேண்டியதில்ல.

பாறைமேல்செடி: இருந்தாலும் மாற வேண்டியது அவங்கதான்.

ஆமா, அவங்கதான் மாறணும். உள்ள ஆளு போனாதான் மாறுவாங்க, அதுக்காகத்தான் உள்ள போற வழியைச் சொல்லிட்டு இருக்கேன். இதை இத்தோட விடுவோம், மத்தவங்க காத்திருக்காங்க.

பனிக்கூடு: அக்கா முன்கையில டாட்டூ, இன்டர்வியூக்கு மறைக்கணுமா?

முதல் பதில். தயவு செஞ்சு மேல படிச்சுட்டுக் கேளுங்க.

ஓடைக்கல்: நர்ஸ் வேலைக்கு அப்ளை பண்றேன், முன்கையில டாட்டூ, புருவத்துல பியர்சிங். முழுக்கை போட்டு மறைச்சுக்கிட்டா போதுமா?

உங்களுக்கு அந்த வழி ஒத்து வராது. நோயாளியைத் தொடுற இடத்துல நிறைய ஆஸ்பத்திரில முழங்கைக்குக் கீழ ஒண்ணுமே இருக்கக் கூடாது, துணி ஈரமாகி கிருமியைக் கொண்டு போகும், கையைக் கழுவவும் முடியாது. அதனால டாட்டூ எப்படியும் வெளிய தெரியும், இன்டர்வியூலயே அரைக்கையில போங்க. ஆறின டாட்டூவால தொற்று வராது, புதுசுன்னா ஆறுற வரைக்கும் வார்டு பக்கம் போக வேண்டாம். புருவத்து நகை வேற விஷயம், நோயாளி கை பட்டு இழுத்தா கிழிஞ்சிடும், ஷிஃப்ட்ல கழட்டச் சொன்னா அது உங்க பாதுகாப்புக்கும்தான். மெஷின் பக்கம் வேலை பாக்குறவங்களுக்கும் இதேதான், அங்க கழட்டச் சொன்னா வாதாடாதீங்க. டாட்டூவுக்கு என்ன விதின்னு ஆஸ்பத்திரிகிட்ட மெயில்ல கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்கோங்க.