நஸாரே அலைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்த்துகல் நஸாரேயின் ராட்சத அலைகளுக்குக் கடலடிப் பள்ளத்தாக்குதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். ஆழம் குறையும்போதுதான் அலை உயரும் என்று பள்ளியில் படித்தோம். பள்ளம் என்றால் அடங்கத்தானே வேண்டும்? திரிகோணமலையிலும் அப்படியொரு பள்ளத்தாக்கு கரைவரை வருகிறதே, அங்கே ஏன் அந்த அலை இல்லை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பள்ளியில் படித்தது சரிதான். பள்ளம் அலையை உயர்த்துவதில்லை, திருப்பிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

வட அட்லாண்டிக்கில் குளிர்காலப் புயல் கிளப்பும் அலை ஒன்று பதினைந்து வினாடிக்கொரு முறை வருகிறது என்று வையுங்கள். ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 350 மீட்டர், வேகம் மணிக்கு 84 கிலோமீட்டர். நீளத்தில் பாதி ஆழத்துக்கு, அதாவது 175 மீட்டருக்கு வந்ததுமே அதற்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும், வேகமும் குறையும். நஸாரே பள்ளத்தாக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஆகவே பள்ளத்தின் மேலே வரும் பகுதி வேகம் குறையாமல் ஓடிவர, பக்கத்தில் ஆழம் குறைந்த திட்டின் மேலே வரும் பகுதி பின்தங்க, ஒரே அலை வளைந்து இரண்டாகி, பிராயா டோ நோர்டே கடற்கரைக்கு முன்னால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. நீங்கள் சொன்ன ஆழக்குறைவு அங்கே வந்து சேர்ந்துகொள்கிறது, அப்புறம் கரையிலிருந்து திரும்பும் நீரோட்டமும் எதிர்த்து மோதி இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுகிறது.

இன்னொன்று, காணொளிகளில் இதைக் காட்டவே மாட்டார்கள். கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தப் பாறைமுனைக்குத் தெற்கே ஊர்க் கடற்கரை இருக்கிறது. வடக்கே அலை மலைபோல் விழும் நாளிலும் அங்கே அவ்வளவு ஆட்டம் இருக்காது. அதற்கும் காரணம் இதே பள்ளம்தான். ஒரு பக்கம் கொண்டுபோய்க் கொட்டினால் மறுபக்கம் குறையத்தானே செய்யும்!

அலைச்சறுக்கு வீரர்களின் உயரச் சாதனைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2011 இல் காரெட் மெக்னமாரா 78 அடி, 2020 இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 86 அடி என்கிறார்கள். புகைப்படத்தில் சறுக்குபவரின் உடலை அளவுகோலாக வைத்து, அலையின் அடிப்பகுதியிலிருந்து முகடு வரை கணக்கிடுவது இது. அந்த அடிப்பகுதி எங்கே தொடங்குகிறது என்பதிலேயே சண்டை வரும். அலை கலங்கரை விளக்கத்தின் மேல் விழுவதுபோல் தெரிவது, தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுப்பதால் வரும் மயக்கம்.

சரி, திரிகோணமலை. பள்ளத்தாக்கு உண்டு, ஆனால் அது குடாவுக்குள் வந்து முடிகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கிளப்பும் அலைகளும் குட்டையானவை. ஏழு வினாடி அலைக்கு நீளமே 76 மீட்டர்தான், நாற்பது மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பள்ளமும் ஒன்றுதான், திட்டும் ஒன்றுதான்.