பழகிவிடும் என்று யார் சொன்னது?

“ஐயா, பெட்ரோலியப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுண்ணாம்புக்கல்லில் எரிவாயு எப்படித் தங்குகிறது? அந்தத் துறையில் எதிர்காலம் உண்டா? அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைய வருமாம், ஆனால் ‘அழுகின முட்டை நாற்றம்தானே, பழகிவிடும்’ என்கிறார்கள் சீனியர்கள்.”

அன்புள்ள தம்பி,

எதிர்காலத்தை உன் பேராசிரியரிடம் கேள். பாறையில் வெடிப்புகளும் நீர் அரித்த பொந்துகளும் உண்டு, வாயு அங்கே தங்கும். மிச்சம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் ‘பழகிவிடும்’ என்பதை என்னால் சும்மா விட முடியவில்லை. சமீபமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கும் கிப்ஸ் அப்பரேட்டஸ் பக்கத்தில் நின்ற நண்பன் ஒருவன், “வாசனையே இல்லை, காலி போல” என்று குனிந்தான். அட்டெண்டர் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதே, அப்போதுதான் அது முற்றியிருக்கும். இது தெரியாத சீனியர் என்ன சீனியர்?

களிமண் கலந்த பாறையில் இரும்பு இருக்கும், அது இந்த வாயுவைப் பிடித்து பைரைட் என்ற கனிமமாக்கிவிடும். சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் பிடிக்க இரும்பு இல்லை, அதனால் அப்படியே தேங்கிவிடுகிறது. பிரான்சில் லாக் என்ற இடத்தில் 1951-இல் எரிவாயு கிடைத்தது, அதில் சுமார் 15 சதவீதம் இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். எஃகுக் குழாய்கள் நொறுங்கின. தாங்கக்கூடிய எஃகைக் கண்டுபிடித்து உற்பத்தி தொடங்க 1957 ஆகிவிட்டது. கண்டுபிடித்த நாளைக் கொண்டாடுகிறவர்கள் அந்த உலோகவியலாளர்களை நினைப்பதே இல்லை.

சீனாவில் 2003 டிசம்பர் 23 இரவு சோங்சிங் பக்கம் இதே மாதிரி ஒரு சுண்ணாம்புப் பாறைக் கிணறு பீறிட்டது. வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தாக்கில் இறங்கித் தூங்குகிறவர்கள் மேல் படிந்தது. கிணற்று வாயைக் கொளுத்திவிட்டிருந்தால் நச்சு பெருமளவு எரிந்துபோயிருக்கும், அதைச் செய்ய மறுநாள் மாலை ஆகிவிட்டது. 243 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள், துளையிடுகிறவர்கள் இல்லை. யாருக்குப் பழகுவது, சொல்லு?

சரி, கோபப்படாதே. உன்மேல் அக்கறை இருப்பதால்தான் திட்டுகிறேன். பயிற்சிக்குப் போனால் இந்த வாயு வந்தால் அலறும் மானிட்டரைச் சட்டைக் காலர் பக்கமே மாட்டு, பேன்ட் பையில் போடாதே. அது அலறினால் காற்றுக்குக் குறுக்கே விலகி மேட்டுக்குப் போய்விடு, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.