சட்டைப்பையை இழுக்கும் 140 கிராம் மடக்குக் கத்தி

சட்டைப்பையில் வைத்திருக்கும் 140 கிராம் மடக்குக் கத்தி பையை இழுக்கிறது, எவ்வளவு எடையுள்ளதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டிகளின் கயிறு அறுப்பதற்காக நாள் முழுதும் உடன் வைத்திருக்க 60 முதல் 90 கிராம் வரையுள்ள மடக்குக் கத்தியே போதும். உங்களிடமுள்ள 140 கிராம் கத்தி மெல்லிய பருத்திச் சட்டைப்பைக்கு அதிகம்தான்.

பெரும்பாலும் கைப்பிடிக்குள் இருபுறமும் பதித்த முழு எஃகுத் தகடுகளே எடையைக் கூட்டுகின்றன. எனவே அலகின் நீளத்தைக் குறைக்காமல், அந்த முழுத் தகடுகள் இல்லாத மரப்பிடியோ நைலான் பிடியோ உள்ளதைத் தேடுங்கள்.

வாங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறத்தாழ 7.7 கிராம். பத்து நாணயங்களைத் துணியில் இறுக முடிந்து, ஏறத்தாழ 77 கிராம் வரும் அந்த முடிச்சை அதே பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யுங்கள். உறுத்தினால் இரண்டு நாணயங்களைக் குறையுங்கள்; உறுத்தாத முடிச்சின் எடைக்கு ஏற்ற கத்தியை வாங்குங்கள்.

ஆனால் மீன் ஈரம் பட்ட கையில் மெலிந்த பிடி வழுக்கிவிடும் என்பதால், எடைக்காகப் பிடியின் பருமனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.