கொயர் நோட்டேஷன், பார்ட் எழுதுதல்: கேள்வி பதில்

கொயர் நடத்துபவர், நாசரேத்: மாஸ்டர், எங்களிடம் பெண்கள் 14 பேர், ஆண்கள் 3 பேர். கைக்குக் கிடைப்பதெல்லாம் நாலு பார்ட் நோட்டேஷன். டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்), பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) இரண்டுக்கும் ஆளைப் பிரித்தால் ஒன்றுமே கேட்கவில்லை.

மூன்று பேரைப் பிரிக்காதீர்கள். சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்), ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்), ஆண்கள் என்று மூன்று பார்ட்டாகச் சுருக்குங்கள். சொப்ரானோவைத் தொடவேண்டாம், அது மெட்டு. ஆண்கள் பேஸ் வரியையே பாடட்டும். பலர் டெனர் வரியைக் கொடுத்துவிட்டு பேஸை விட்டுவிடுகிறார்கள். அப்போது கார்டின், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின், அடி ஸ்வரம் போய், முடிவு முடிவாகவே கேட்காது.

அடுத்த வேலை ஆல்டோவில். ஒவ்வொரு கார்டிலும் ரூட்டும் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) அதிலிருந்து மூன்றாவது ஸ்வரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாவது ஸ்வரம் இல்லாமல் போனால் காது மன்னிக்கும், மூன்றாவது போனால் மன்னிக்காது. அந்த மூன்றாவது டெனரிடம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அதை ஆல்டோவுக்கு மாற்றுங்கள். முழுப் பாட்டையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. பதினாறு பார் (தாளக் கட்டம்) கொண்ட பாமாலைப் பாட்டில் நாலைந்து இடங்களில்தான் கை வைக்க வேண்டிவரும்.

பயிற்சி பெறாத குரல்களுக்கு நான் எழுதும் எல்லை இது. சொப்ரானோ நடு சியிலிருந்து (கீபோர்டின் நடுவிலுள்ள சி) அதற்கு மேல் ஸ்தாயியின் ஜி வரை. ஆல்டோ நடு சிக்குக் கீழுள்ள ஏயிலிருந்து மேல் சி வரை. டெனர் நடு சிக்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து, நடு சிக்கு மேலுள்ள எஃப் வரை. பேஸ் கிளெஃபின் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கு வரித் தொடக்கத்தில் போடும் குறி) அடிக்கோட்டுக்குக் கீழுள்ள எஃப்பிலிருந்து நடு சி வரை பேஸ். சொப்ரானோவுக்கு எட்டவில்லை என்று ஈ ஃப்ளாட் கீயில் உள்ள பாட்டை சிக்கு இறக்குகிறவர்கள், பேஸ் வரி எங்கே போய் விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இன்னொன்று. ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பார் எண் போடுங்கள். "மூணாவது பக்கம், ரெண்டாவது வரி, அந்த உயரமான இடம்" என்று தேடுவதிலேயே பயிற்சி நேரம் கரைகிறது.

கிளாரினெட் வாசிப்பவர், தூத்துக்குடி: பாமாலையில் உள்ள சொப்ரானோ வரியை அப்படியே வாசித்தால் ஆர்கனோடு ஒட்டவில்லை. ரீடு கோளாறா?

ரீடில் ஒன்றுமில்லை. உங்கள் கையிலிருப்பது பி ஃப்ளாட் கிளாரினெட். நீங்கள் சி வாசித்தால் வெளியே பி ஃப்ளாட் கேட்கும். அதனால் எல்லா ஸ்வரத்தையும் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும், வரித் தொடக்கத்தில் கீயைக் காட்டும் கீ சிக்னேச்சரில் இரண்டு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) கூடும், அல்லது இரண்டு ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி) குறையும். பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கும் இதே கணக்கு. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் வாத்தியம். அதற்கு மூன்று ஷார்ப் கூடும், எழுதும்போது மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது அரை ஸ்வரம்) மேலே.

பாட்டு எஃப்பில் இருந்தால் கிளாரினெட்டுக்கு ஜி, ஆல்டோ சாக்ஸுக்கு டி. பாட்டு ஈ ஃப்ளாட்டில் இருந்தால் கிளாரினெட்டுக்கு எஃப், சாக்ஸுக்கு சி. கிடார்காரருக்கு வசதி என்று பாட்டை ஈயில் வைத்தால் கிளாரினெட்டுக்கு ஆறு ஷார்ப், சாக்ஸுக்கு ஏழு. அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வையுங்கள், கிடார்காரர் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்வார்.

புல்லாங்குழல், வயலின் இரண்டும் சொப்ரானோ வரியைப் பார்த்து நேராக வாசிக்கலாம். வயலினின் கடைசித் தந்தி நடு சிக்குக் கீழுள்ள ஜி, ஆகவே ஆல்டோ வரியும் அதில் அடங்கும். செல்லோவுக்கு பேஸ் வரி அப்படியே போதும். வியோலாவுக்கு டெனர் வரி பொருந்தும், ஆனால் ஆல்டோ கிளெஃபில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் எழுதுகிறவர்கள், எல்லா வாத்தியத்தையும் காதில் கேட்கும் ஸ்வரத்திலேயே காட்டும் "கான்சர்ட் பிட்ச்" பட்டனை அணைத்துவிட்டுத்தான் அச்செடுக்க வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், காகிதம் மட்டும் தப்பாக வரும்.

சொப்ரானோ, வேலூர்: கிறிஸ்மஸ் கேரல் எல்லாவற்றுக்கும் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

அனுப்புவதில்லை. காப்புரிமை முடிந்தவை ஐஎம்எஸ்எல்பி தளத்திலும் சிபிடிஎல் என்ற கோரல் பொது நூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆர்கனிஸ்ட், சென்னை: டெனர் வரியைக் கீபோர்டில் வாசித்துக் காட்டினால், "இவ்வளவு உயரமா?" என்கிறார்கள்.

அந்த ட்ரெபிள் கிளெஃபின் அடியில் சின்னதாக 8 இருக்கிறதா பாருங்கள். ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் 8 போடாமலே விட்டிருப்பார்கள். தனி வரியில் டெனர் ட்ரெபிள் கிளெஃபில் இருந்தாலே கீழ் ஸ்தாயி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொயர் செயலாளர், பாளையங்கோட்டை: எங்கள் மூத்தவர்கள் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று எழுதும் முறை) மட்டும் படிப்பார்கள், இளையவர்கள் ஸ்டாஃப் (ஐந்து கோட்டு முறை) மட்டும். ஸ்டாஃபிலிருந்து சோல்ஃபாவுக்கு மாற்றும்போது எங்கே தப்பு நடக்கும்?

சோல்ஃபா படிப்பவர்களை ஸ்டாஃபுக்கு மாறச்சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் இரண்டும் எழுதிக் கொடுக்க நினைக்கிறீர்களே, அதுதான் சரி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கியதை ஜான் கர்வென் செம்மைப்படுத்தினார். நோட்டேஷன் படித்திராத சாதாரண மக்களை நாலு பார்ட் பாடவைக்கத்தான் அந்த முறையே பிறந்தது. இன்றும் அந்த வேலையைச் செய்கிறது.

தப்பு நடப்பது பெரும்பாலும் நாலு இடங்களில்.

முதலாவது மைனர் பாட்டுகள். ஏ மைனர் என்றால் டோ என்பது சி, பாட்டு லாவில் முடியும். ஏவை டோ என்று வைத்து எழுதத் தொடங்கினால் வழியெல்லாம் ஃப்ளாட் குறி போட வேண்டிவரும், பாடுகிறவர் குழம்புவார். மைனரில் வரும் ஏற்றிய ஏழாவது ஸ்வரத்துக்கு "சே" எழுதுங்கள், வெறும் "சோ" அல்ல.

இரண்டாவது கீ மாறும் இடம். ஜியில் தொடங்கிய பாட்டு நடுவில் டிக்குப் போய் எட்டு பார் அங்கேயே தங்கினால், எட்டு பாருக்கும் "ஃபே" (ஏற்றிய ஃபா) எழுதிக்கொண்டிருக்காதீர்கள். மாறும் ஸ்வரத்துக்குப் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதிப் புது டோவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரே பாருக்கு மட்டும் என்றால் "ஃபே" போதும்.

மூன்றாவது தாளக்குறி. அடிகளுக்கு நடுவே இரட்டைப்புள்ளி, அரை அடிக்கு ஒற்றைப்புள்ளி, கால் அடிக்கு கமா, நீட்ட சிறு கோடு. டைப் செய்யும்போது அடிகளின் இடைவெளி சமமாக இல்லாவிட்டால், நாலு வரிகளும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று நிற்காது. ஆல்டோ ஒரு அடி முன்னால் ஓடுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். வேர்டில் ஸ்பேஸ் பார் தட்டி வரிசைப்படுத்தாமல், அட்டவணை போட்டு ஒரு அடிக்கு ஒரு கட்டம் வையுங்கள்.

நாலாவது ஸ்தாயிக் குறியாக வரும் சின்ன 1. மேலே இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. மங்கலான ஜெராக்ஸில் முதலில் காணாமல் போவது இதுதான்.

இரண்டு வகைத் தாள்களிலும் ஒரே பார் எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர்களும் இளையவர்களும் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள்.

பேஸ், ஈரோடு: கேரல் பிடிஎஃப் கிடைக்குமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

கொயர் நடத்துபவர், கோயம்புத்தூர்: ஆராதனையில் பாடத்தானே, ஜெராக்ஸ் எடுத்தால் என்ன தப்பு?

பாடுவது வேறு, நகலெடுப்பது வேறு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, உண்மையான மத வழிபாட்டின்போது ஒரு படைப்பைப் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அந்த விலக்கு நாற்பது ஜெராக்ஸுக்குச் செல்லாது.

பாட்டு பொதுச்சொத்தா என்பதற்குக் கணக்கு, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் இறந்தவரின் படைப்பு 2024 முடிவோடு பொதுவாகிவிட்டது. ஆனால் ஒரு தாளில் மூன்று நான்கு பேரின் உரிமை இருக்கலாம். மெட்டு, மூலச் சொற்கள், தமிழ் மொழிபெயர்ப்பு, நாலு பார்ட் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. "சைலன்ட் நைட்" மெட்டு போட்ட குரூபர் 1863இல் இறந்தார், சொல் எழுதிய மோர் அதற்கும் முன்னால் 1848இல். அந்த மெட்டை எவரும் எடுக்கலாம். அதற்குப் போன வருடம் ஒருவர் எழுதிய ஆறு பார்ட் அமைப்பை எடுக்க முடியாது. பொதுச்சொத்தான மெட்டுக்கு நீங்களே நாலு பார்ட் எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை.

ஆல்டோ, மதுரை: தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் நாலு பார்ட் எழுதலாமா? ஹம்சத்வனியில் ஒன்று முயன்றோம், ராகமே மாறிப்போச்சு என்கிறார்கள்.

நல்ல கேள்வி. சியை ஷட்ஜமமாக (ச) வைத்தால் ஹம்சத்வனியில் இருப்பவை சி, டி, ஈ, ஜி, பி மட்டும். இவற்றைக்கொண்டு மூன்று முழுக் கார்டுகள்தான் கட்ட முடியும்: சி மேஜர், ஈ மைனர், ஜி மேஜர். எஃப் மேஜர் போட்ட உடனே எஃப், ஏ இரண்டும் நுழைந்து அது சங்கராபரணமாகிவிடும். ஜி செவன்த் போட்டாலும் எஃப் வந்துவிடும். மோகனத்தில் இன்னும் குறைவு, சி மேஜரும் ஏ மைனரும் மட்டும். மற்ற இடங்களில் ரூட்டும் ஐந்தாவது ஸ்வரமும் மட்டும் பிடியுங்கள்.

கல்யாணியில் கார்டுகள் நிறையக் கிடைக்கும், ஆபத்து வேறு பக்கம். டி மேஜரிலிருந்து ஜிக்குப் போய் வாக்கியத்தை முடித்தால், கேட்பவருக்கு ஜிதான் ஷட்ஜமம் என்று பட்டுவிடும். வாக்கியம் முடியும் இடத்தில் பேஸ் சியில் நிற்கட்டும்.

ஒருவர், தஞ்சாவூர்: கீர்த்தனைக்கு ஹார்மனி போடுவதே தவறு. எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாட வேண்டும்.

எல்லாக் கீர்த்தனைக்கும் அப்படிச் சொல்ல முடியாது. தோடி, ஆனந்தபைரவி போன்றவற்றில் ராகத்தின் உயிர் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில், இருக்கிறது. மெட்டு அசையும்போது கீழே மூன்று குரல்கள் அசையாமல் நின்றால் உரசும். அங்கே உங்கள் பக்கம்தான் நானும். சங்கராபரணத்தில் நேராக நடக்கும் மெட்டு என்றால் நிலைமை வேறு. உங்கள் ஊர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே மேற்கத்திய இசை ஒலித்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்தார். அந்த ராகம் ஹார்மனியைத் தாங்கும்.

கீபோர்டு வாசிப்பவர், திருச்சி: மாயாமாளவகௌளையில் சரளிவரிசை (தொடக்கப் பாடம்) பழகிய எங்கள் பிள்ளைகளே அந்த ராகப் பாட்டில் சுருதி தப்புகிறார்கள். நான் சி, எஃப், ஜி மூன்று கார்டுதான் வாசிக்கிறேன்.

தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. ஜி மேஜரில் டி இருக்கிறது, ராகத்தில் இருப்பது டி ஃப்ளாட். எஃப் மேஜரில் ஏ, ராகத்தில் ஏ ஃப்ளாட். நீங்கள் கொடுக்கும் ஸ்வரம் அவர்களை இழுக்கிறது. எஃப் மைனர் வாசியுங்கள். ஜியில் டியை விட்டுவிட்டு ஜி, பி, எஃப் மூன்றையும் பிடியுங்கள். மூன்றுமே ராகத்தில் உள்ளவை, சிக்கு இழுத்துக்கொண்டும் வரும். டி ஃப்ளாட் மேஜரும் கிடைக்கும். ஆனால் டி ஃப்ளாட்டை அடியில் வைத்து அப்படியே சிக்கு இறக்கினால் எல்லாக் குரலும் சேர்ந்து சறுக்கும். எஃப்பை அடியில் வைத்து சிக்குப் போங்கள்.

ஒருவர், தஞ்சாவூர்: அப்படியென்றால் தம்புரா போதுமே?

போதும். மாயாமாளவகௌளையில் சியும் ஜியும் மட்டும் பேஸும் டெனரும் பிடித்து நிற்க, பெண்கள் மெட்டைப் பாடினால் மிக அழகாக இருக்கும். இரண்டு பேரும் சமாதானமாகப் போகக்கூடிய வழி இதுவே. எழுதவும் அரை மணி நேரம் போதும்.

மாணவர், யாழ்ப்பாணம்: மியூஸ்ஸ்கோரில் தமிழ்ச் சொல் போட்டால் எழுத்து உடைகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து ஒட்டியிருப்பீர்கள். யூனிகோடில் தட்டுங்கள். முதல் ஸ்வரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் எல். அசைக்கு அசை ஹைஃபன், சொல் முடிந்தால் ஸ்பேஸ், ஒரே அசை பல ஸ்வரத்துக்கு நீண்டால் அண்டர்ஸ்கோர். புள்ளி எழுத்தை எப்போதும் முந்தைய அசையோடு சேர்க்க வேண்டும்: நம்-பிக்-கை, அல்-லே-லூ-யா. புள்ளி எழுத்துக்குத் தனி ஸ்வரம் கொடுத்தால் "ம்"மை நீட்டிப் பாடுவார்கள். நீளமான ஸ்வரத்தில் குறில் விழுந்தால் அது நெடிலாகக் கேட்டு அர்த்தம் மாறும். அங்கே நோட்டேஷனைத் தொடாமல் சொல்லை மாற்றுங்கள்.

டெனர், சேலம்: உயரமான ஸ்வரத்தில் தொண்டை அடைக்கிறது.

குரல் பயிற்சி ஆசிரியரிடம் நேரில் காட்டுங்கள். எழுத்தில் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை.

வாலிபர் குழு, நாகர்கோவில்: கேரல் நோட்ஸ் பிடிஎஃப் ப்ளீஸ் மாஸ்டர்.

வேலூருக்குச் சொன்னதே.

கொயர் நடத்துபவர், நாகர்கோவில்: ஹேண்டலின் "அல்லேலூயா" பாடப்போகிறோம். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு டிரம்பெட், கீபோர்டு இருக்கிறது. போதுமா?

போதும். ஹேண்டல் எழுதியது டி மேஜரில், தந்தி வாத்தியங்களோடு இரண்டு டிரம்பெட், டிம்பனி என்ற பெரிய மேளம். உங்கள் பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு பார்ட் ஈயில் இருக்க வேண்டும். பழைய டி டிரம்பெட் பார்ட்டை அப்படியே நீட்டிவிடாதீர்கள். டிரம்பெட்காரரை முழுக்க சொப்ரானோவோடு வாசிக்கவிடவும் வேண்டாம், ஹேண்டல் கொடுத்த இடங்களில் மட்டும் வாசித்தால்தான் அந்த இடங்கள் எழும்பும். கீபோர்டு கோரஸ் ஸ்கோரைப் பார்த்து வாசிக்கட்டும், கீயை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை யாரும் தொடக்கூடாது. தொட்டால் மற்ற நாலு வாத்தியமும் வேறு கீயில் நிற்கும்.

கடைசி "அல்லேலூயா"வுக்கு முன் எல்லாரும் மௌனமாக நிற்கும் இடம் ஒன்று வரும். எல்லாத் தாளிலும் அந்த பாரைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அது பக்கத்தின் கடைசியில் விழுந்தால், பக்கம் திருப்பும் அவசரத்தில் யாராவது ஒருவர் முந்திப் பாடிவிடுவார். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக நகலெடுத்துப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பார் எண்ணோடு.