வேலை வாரத்துக்குள் நன்றிக்கான சிறு காரணங்கள்: கேள்வி பதில்

வேலை நாட்களில் நன்றியுணர்வைப் பழகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். தினமும் இரவு மூன்று நன்றிகளை எழுதச் சொன்னார்கள். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது "குடும்பம், உடல்நலம், வேலை" என்று அதையே திருப்பித் திருப்பி எழுதுகிறேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் எழுதுவதெல்லாம் தலைப்புகளாக இருப்பதுதான் சிக்கல். "குடும்பம்" என்ற சொல்லைப் பார்த்து யாருக்கும் மனம் நெகிழாது. அதற்குள் நடந்த ஒரு காரியம் கண்முன் வந்தால்தான் நெகிழும்.

நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருளே நன்மை என்பதுதான். செய்ந்நன்றி அறிதல் என்றால், நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிதல். "அறிதல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் செய்தார், என்ன செய்தார், எதனால் செய்தார் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. உணர்ச்சி அதன் பின்னால் வரும். சில நாள் வராது. வராவிட்டாலும் அன்றைய வேலை வீண் இல்லை.

ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் யார், என்ன, ஏன் என்ற மூன்றும் இருக்கட்டும். "கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள்" என்று எழுதினால் அது அடுத்த வாரமும் அப்படியே பொருந்தும், அதனால்தான் சலிக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மீட்டிங் அரை மணி நேரம் தள்ளிப்போனதைப் பக்கத்து மேஜைக்காரர் நான் கேட்காமலே வந்து சொன்னார். நான் பிரிண்டர் பக்கம் பதற்றமாக நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார்." இரண்டாவது வாக்கியத்தில்தான் உயிர் இருக்கிறது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த "மூன்று நல்ல விஷயங்கள்" பயிற்சி வருகிறது. நடந்ததோடு நிறுத்தாமல் அது ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரப் பயிற்சியின் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. வாரம் முடிந்த பிறகும் தாமாகவே தொடர்ந்தவர்களுக்குத்தான் அது கூடுதலாக இருந்தது. வாய்வழியாகப் பரவும்போது அந்த "ஏன்" எப்படியோ கழன்று விழுந்துவிட்டது. அதைத் திரும்பச் சேருங்கள்.

கேள்வி: தினமும் எழுத வேண்டுமா, வாரம் ஒரு முறை போதுமா? நோட்டா, போனா? எப்போது உட்கார்ந்து எழுதுவது?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு இதை ஆறு வாரம் சோதித்தது. வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்யும்போது அது கடமையாகி, கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும்.

ஆனால் வாரக் கடைசியில் யோசித்தால் திங்கட்கிழமை நடந்தது நினைவுக்கு வராது. கெட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கும், ஏனென்றால் மனம் கெட்டதைத்தான் கெட்டியாகப் பிடித்துவைக்கும். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேகரிப்பது தினமும், எழுதுவது வாரம் ஒரு நாள். சேகரிக்கும்போது ஒரே ஒரு சொல் போதும்: "லிஃப்ட்", "சாவி", "பழைய ஃபைல்". நடந்த உடனே குறித்துவிடுங்கள், மாலை வரை தள்ளாதீர்கள். வாரத்தின் கடைசி வேலை நாளில் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு அந்தச் சொற்களைப் பார்த்து மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வரியாக விரித்து எழுதுங்கள். மீதியை விட்டுவிடலாம், எல்லாவற்றையும் எழுதினால் அது கணக்குப் புத்தகமாகிவிடும்.

படுக்கையில் எழுத வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் தலைப்புதான் வரும். பேப்பர் நல்லது. போனில்தான் எழுத முடியும் என்றால் அந்தப் பத்து நிமிடம் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு இதைக் கட்டிவிடுவது இன்னும் நல்லது: "கணினியை அணைத்ததும் நோட்டைத் திறப்பேன்" என்பது மாதிரி. ஒரு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டாம். பழக்கம் உருவாவதைப் பற்றி பிலிப்பா லாலி செய்த ஆய்வில், தினசரிச் செயல் ஒன்று தன்னிச்சையாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை.

கேள்வி: அக்கா, நான் டேட்டா என்ட்ரி வேலை செய்கிறேன். காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை ஒரே திரை. ஒரு வாரம் முழுக்க யோசித்தாலும் எழுத ஒன்றும் இல்லை.

பதில்: தம்பி, "இந்த வாரம் என்ன நல்லது நடந்தது?" என்று கேட்டால் மனம் பெரிய செய்தியைத் தேடும். கிடைக்காது. கேள்வியைச் சின்னதாக்குங்கள். யாரிடமிருந்தாவது ஒன்று உங்கள் கைக்கு வந்த இடம் எது? எங்கே காத்திருக்க வேண்டியதை யாராவது குறைத்தார்கள்? எந்தத் தவறு உங்களை வந்து சேரும் முன்பே நின்றுபோனது? உங்கள் வேலைக்கு முதல் கேள்வியே போதும். உங்களிடம் வரும் படிவங்களில் ஒருவர் மட்டும் தேதியைத் தெளிவாக, எண்களை ஒட்டாமல் எழுதி அனுப்புவார், இல்லையா? அவருடைய படிவம் வரும்போது கண் திரும்பிப் போகாது, விரல் நிற்காது. ஒன்றையும் ஏழையும் குழப்பாமல் எழுதும் அந்த மனிதர் உங்கள் மாலைத் தலைவலியைக் குறைக்கிறார். அவருக்கு அது தெரியாது.

இன்னொரு வழி கழித்துப் பார்ப்பது. மிங்கியுங் கூ என்பவரும் சக ஆய்வாளர்களும் 2008-ல் இதைச் சோதித்தார்கள். நல்லதொன்று நடந்ததை நினைப்பதைவிட, அது நடக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்குத்தான் மனம் அதிகம் மலர்ந்தது. பழகிப்போனது மறுபடி புதிதாகத் தெரிவதுதான் காரணம். மாதம் ஒரு முறை செய்யுங்கள். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை எடுத்துக்கொண்டு, அவரைச் சந்திக்காமலே போயிருக்க எத்தனை வழி இருந்தது என்று நாலைந்து வரி எழுதுங்கள்: வேறு பிரிவில் போட்டிருக்கலாம், அவர் அந்த மாதம் விடுப்பில் இருந்திருக்கலாம். அங்கே நிறுத்திவிடுங்கள். அவரை இழப்பதாகக் கற்பனை செய்யப் போனால் நன்றி வராது, பயம்தான் வரும்.

கேள்வி: நான் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். எனக்கு வாரக் கடைசி என்று ஒன்றே கிடையாது. டியூட்டி முடிந்தால் பேனா பிடிக்கவும் தெம்பு இருக்காது. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: எழுத வேண்டாம் தங்கச்சி. ஷிஃப்ட் மாறும் அந்த ஐந்து நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் ஓவர் நோட்டில் முந்தைய ஷிஃப்ட்காரர் "5-ஆம் படுக்கை: வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை, இடது கையில் போட்டிருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருப்பார். அந்த வரியால் நீங்கள் வலது கையில் தேடவில்லை, அந்த நோயாளிக்கு ஒரு குத்து மிச்சம். எழுத வேண்டிய கட்டாயம் இல்லாத வரி அது, உங்களுக்காக எழுதியது. அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, "அன்றைக்கு 5-ஆம் படுக்கைக்கு எழுதியிருந்தீர்களே, ரொம்ப உதவியாக இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். அதுவே அந்த வாரத்துக்குப் போதும்.

கேள்வி: எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வாரா வாரம் "எல்லோருக்கும் நன்றி, அருமையான உழைப்பு" என்று குழுவில் செய்தி போடுகிறேன். யாரும் கண்டுகொள்வதில்லை. நன்றி சொன்னால் மனம் குளிரும் என்கிறார்களே?

பதில்: எல்லோருக்கும் சொன்னது யாருக்கும் போய்ச் சேராது, சார். ஒருவருக்கு, ஒரு செயலுக்கு, தனியாகச் சொல்லுங்கள். அவர் செய்தது என்ன, அதனால் என்ன ஆனது, அவர் எதை விட்டுக்கொடுத்து அதைச் செய்தார் என்று மூன்றே வாக்கியம்: "புதன்கிழமை அறிக்கையில் இரண்டு பக்கத்தின் கூட்டுத்தொகை ஒத்துப்போகாததைக் கண்டுபிடித்தீர்கள். அது அப்படியே போயிருந்தால் மறு நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்திருப்போம். உங்கள் சொந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்கள் என்று தெரியும்." இதில் "ஆனால்" வரக்கூடாது. இதோடு அடுத்த வேலையை ஒட்டி அனுப்பவும் கூடாது. நன்றிக்குப் பின்னால் ஒரு வேண்டுகோள் இரண்டு முறை வந்துவிட்டால், மூன்றாவது முறை உங்கள் நன்றியைக் கண்டதும் அவர் பயப்படுவார்.

சங்கடமாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவரின் சங்கடத்தை அதிகமாகவும், மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். சொற்கள் சரியாக அமைந்தனவா என்று எழுதுபவர்தான் கவலைப்படுகிறார். பெறுபவர் அன்பைத்தான் பார்க்கிறார்.

இன்னொன்று. கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்களுக்கே நன்றி போய்க்கொண்டிருக்கும். கெட்டால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள் சில உண்டு: துப்புரவு, சர்வர், சம்பளக் கணக்கு, காவல். அவற்றைச் செய்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருவரிடமாவது நேரில் போய்ச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டால், "வேலை இருக்கிறதே என்று நன்றியோடு இரு" என்கிறார்கள். நன்றியோடு இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

பதில்: கிடையவே கிடையாது. நீங்கள் உழைக்கிறீர்கள், அதற்குச் சம்பளம் வருகிறது. அது கொடுக்கல் வாங்கல். உங்களுக்காக ஒருவர் தாமாக முன்வந்து செய்த நன்மைக்குத்தான் நன்றி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். நோட்டின் முன்பக்கத்தில் நன்றிக் குறிப்பு, பின்பக்கத்தில் தேதி போட்டு, செய்த கூடுதல் வேலை, கூடுதல் நேரம், கேட்ட நாள், கிடைத்த பதில். பின்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். முன்பக்கத்தைக் காட்டி அதை யாரும் அடைக்க முடியாது.

கேள்வி: எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் உறவினர். அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறார். அவரை நினைத்தாலே பாரமாக இருக்கிறது. நான் நன்றி கெட்டவனா?

பதில்: இல்லை. உங்களிடம் இருப்பது கடன்பட்ட உணர்வு, நன்றி அதற்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. நன்றி ஒருவரை நோக்கிப் போகச் சொல்லும், கடன்பட்ட உணர்வு அவரைத் தவிர்க்கச் சொல்லும். அப்படித்தான் இரண்டையும் இனம் காண வேண்டும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பதில் இருப்பது நினைப்பதுதான், அடிபணிவது அதில் இல்லை. ஒரு முறை அவரிடம் முழுமையாகச் சொல்லிவிடுங்கள்: என்ன செய்தார், அதனால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று. அதன் பிறகு அவர் மறுபடி சொல்லிக் காட்டினால், "மறக்கவில்லை மாமா" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் செய்த நன்மையும் உண்மை, அவர் குத்திக் காட்டுவதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: நம்மைவிடக் கஷ்டப்படுபவர்களை நினைத்துக்கொண்டால் நன்றி வராதா?

பதில்: அப்படி வருவது பெரும்பாலும் நிம்மதி, அல்லது குற்ற உணர்வு. அதில் நன்மை செய்தவர் யாரும் இல்லை. அந்த வழி வேண்டாம்.

கேள்வி: இந்த வாரம் எல்லாமே தப்பாகப் போனது. நோட்டைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது.

பதில்: அப்படியானால் முதலில் எரிச்சலை எழுதுங்கள். நடந்தது நடந்தபடி, நாலைந்து வரி. பிறகு தோன்றினால் ஒரே ஒரு குறிப்பு, அதுவும் இந்த வாரத்தின் கஷ்டத்துக்குள் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பது மட்டும். தோன்றாவிட்டால் மூடி வைத்துவிடுங்கள். கஷ்டமே நல்லதுக்குத்தான் என்று எழுத முயலாதீர்கள், மனம் அதை நம்பாது, நோட்டையும் நம்பாமல் போய்விடும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், அது நோட்டில் எழுதித் தீரும் விஷயம் இல்லை. நன்றிப் பயிற்சிகளால் மனச்சோர்வு நோயில் கிடைக்கும் பலன் சிறியது என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

கேள்வி: நான் வீட்டிலேயே தனியாகத் தையல் வேலை செய்கிறேன் அக்கா. மேலதிகாரியும் இல்லை, கூட வேலை செய்பவர்களும் இல்லை. நான் யாரை எழுதுவது?

பதில்: உங்கள் மேஜைக்கு வரும் ஒவ்வொரு துணியும் ஒருவர் கையிலிருந்துதான் வருகிறது. அளவு சட்டையை மறக்காமல் கொண்டுவந்தவர், எங்கே பிடிக்கிறது என்று வாயால் சொல்லாமல் அக்குள் பக்கம் ஒரு குண்டூசி குத்திக் காட்டிவிட்டுப் போனவர், அவசரம் என்று சொல்லாமல் தேதியைக் கேட்டுக்கொண்டு போனவர். அந்தக் குண்டூசியால் பிரித்துத் தைக்கும் வேலை ஒன்று உங்களுக்கு மிச்சம். இதற்குத் தனி நோட்டு வேண்டாம். அளவு நோட்டிலேயே, அவருடைய அளவுகளுக்குக் கீழே எழுதிவையுங்கள். அடுத்த முறை அவர் துணியோடு வந்து நிற்கும்போது நீங்கள் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். அப்போது அவரிடமே சொல்லிவிடலாம்.