லைப்ரரி கூட்டிவரும் கூட்டம்

வணக்கம் சார்,

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ரூபாய்த் தொகையில் லட்சம், கோடிக்குக் கமா போடும் ஒரு சின்ன வேலை வந்தது. டீமில் அதற்கும் ஒரு லைப்ரரி (வேறு யாரோ எழுதிவைத்த கோடு) சேர்த்தார்கள். நானே எழுதுகிறேன் என்றேன். “இருக்கிறதை ஏன் திரும்ப எழுதணும்?” என்றார் டீம் லீட். ஏஐ கருவியைக் கேட்டாலும் அதே லைப்ரரியைத்தான் சேர்க்கச் சொல்கிறது. எளிமையாக எழுத நினைப்பது பழங்காலத்து ஆசையா?

கா., கோவை

அன்புள்ள கா.,

உங்கள் டீம் லீட் சொல்வதில் நியாயம் உண்டு. என்கிரிப்ஷன், டைம்ஸோன் போன்றவற்றை நாமே எழுதக் கூடாது. பலர் பல வருடம் அடிபட்டுத் திருத்தியவை அவை. ஆனால் கமா போடுவது அந்த வகை அல்ல.

2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக லாகின் செய்ய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் துருவியதில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவழி வைத்திருந்தது தெரிந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்புப் பொறுப்பையே வாங்கிக்கொண்ட ஆள் செய்த வேலை.

அந்த ஆள் யார் என்றுதான் அதிகம் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. எஸ்எஸ்ஹெச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை! டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள், எஸ்எஸ்ஹெச் சர்வர் தயாராகிவிட்டது என்று சிஸ்டம்டிக்கு (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) தெரிவிப்பதற்காக அதன் லிப்சிஸ்டம்டி லைப்ரரியை ஓபன்எஸ்எஸ்ஹெச்சோடு இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்டைப் பயன்படுத்தியதால், அதுவும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தெரிவிக்க வேண்டிய சேதியோ, சாக்கெட்டில் (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) எழுதும் ‘ரெடி=1’ என்ற ஒரே வரி. அந்த ஜூலையில் வெளியான ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8, லிப்சிஸ்டம்டி இல்லாமல் தானே அந்தச் சேதியை அனுப்புகிறது. சில வரி கோடு போதுமாக இருந்தது. முதலிலேயே போதுமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஒரு லைப்ரரியைச் சேர்க்கும் முன், அதில் நமக்கு வேண்டியது எவ்வளவு, அது யாரையெல்லாம் கூட்டிவருகிறது என்று பாருங்கள். புராஜெக்டில் சேர்ந்த எல்லா லைப்ரரிகளையும் பட்டியலிடும் லாக் (lock) கோப்பில் புதிதாக ஏறும் பெயர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலான டீம்களில் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

ஏஐ கருவி விஷயத்தில் நான் உங்களைவிட நம்பிக்கையோடு இருக்கிறேன். எழுத நேரமில்லை என்றுதானே சின்ன வேலைக்கெல்லாம் லைப்ரரி தேடினோம்? இப்போது அந்த நேரம் மிச்சம். ‘வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல் எழுது’ என்று கேளுங்கள். வருவதை வரிவரியாகப் படியுங்கள். விளங்காத வரி ஒன்று இருந்தாலும் கமிட் செய்யாதீர்கள்.

உங்கள் கமாவுக்கு அதுவும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் என்றால், அதிலேயே இருக்கும் டூலோக்கேல்ஸ்ட்ரிங்குக்கு (toLocaleString) ‘இஎன்-ஐஎன்’ (en-IN) என்று கொடுங்கள். லட்சம், கோடிக்குச் சரியாகக் கமா போட்டுத் தரும். அந்த ஒரு வரியை அடுத்த கோட் ரிவ்யூவில் டீம் லீடிடம் காட்டுங்கள்.